கூடாரப் பண்டிகையும் கூரையற்றவரும்

யூதர்களின் பெருநாட்களில் மூன்று, எருசலேம் ஆலயத்துக்கு ஏறிப்போகவேண்டிய யாத்திரைப் பண்டிகைகள்: பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை. முதலிரண்டையும் கிறிஸ்தவம் தன்னுடையதாக்கிக் கொண்டது. பஸ்காவின் இடத்தில் உயிர்த்த ஞாயிறு வந்தது. வாரங்களின் பண்டிகை பெந்தெகொஸ்தே ஆயிற்று. மூன்றாவதற்கு மட்டும் திருச்சபையின் ஆண்டில் இடம் கிடைக்கவில்லை. இதற்கு அறிஞர்கள் பல காரணங்கள் சொல்லக்கூடும். எனக்குப் படுவது எளிமையான ஒன்று. ஏனைய இரண்டையும் ஒரு வாசகமாக, ஒரு பாடலாக, ஒரு ஆராதனையாக மாற்றிவிடலாம். ஓலை வெட்டி, கம்பு நட்டு, சொந்த வீட்டைவிட்டு வெளியே வந்து ஏழு நாட்கள் குடிசைக்குள் இருந்து சாப்பிடு என்று சொல்லும் பண்டிகையை அவ்வளவு இலகுவில் ஆராதனையாக மாற்றிவிட முடியாது.

ஆனால் அண்மைக் காலத்தில் கிறிஸ்தவர்கள் இந்த மூன்றாவதையும் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். புலம்பெயர்ந்த நம்மவர் சபைகள் சிலவற்றிலும் இந்த ஆர்வம் புகுந்துள்ளது. ஆட்டுக்கடாக் கொம்பு ஊதப்படுகிறது. கூடாரப் பண்டிகையின் 'ஆவிக்குரிய அர்த்தம்' என்று பிரசங்கம் நடக்கிறது. நான் பிறப்பால் கிறிஸ்தவன். இப்போது எவ்வளவு தூரம் கிறிஸ்தவன் என்பது வேறு விடயம். ஆயினும் இந்தப் பண்டிகை பற்றிய பேச்சு எங்கு வந்தாலும் காது கொடுக்கிறேன். காரணம், பேசப்படுகிற பொருள் கூடாரம். அதைப்பற்றி நம்மில் பலருக்குக் கொஞ்சம் தெரியும்.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது: ஏழாம் மாதத்தின் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாட்கள் குடிசைகளில் தங்கியிருக்கவேண்டும். எகிப்திலிருந்து புறப்பட்டபோது முன்னோர் குடிசைகளில் குடியிருந்ததைச் சந்ததிகள் அறியவேண்டும் என்பதற்காக. எங்கள் கணக்கில் இது செப்ரெம்பர் இறுதியிலோ ஒக்ரோபரிலோ வரும். குடிசைக்கு எபிரேயத்தில் 'சுக்கா' என்று பெயர். (சமையலறையில் நான் தினமும் பிரட்டுகிற சுக்காவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) பாரிஸில் நான் இருக்கும் 19ஆம் வட்டாரத்தில் யூதக் குடும்பங்கள் அதிகம். அந்த நாட்களில் குடியிருப்புகளின் முற்றங்களிலும், மேலே வானம் மறைபடாத பல்கனிகளிலும் பலகையாலும் துணியாலும் தட்டிகள் எழும்பிவிடும். மேலே பச்சை ஓலையோ மூங்கிலோ கிடக்கும். உள்ளே விளக்கு, மேசை, பிள்ளைகளின் சத்தம். வேலை முடிந்து நள்ளிரவில் வரும்போது சில குடிசைகளில் இன்னும் பேச்சுக்குரல் கேட்கும்.

இதைக் கட்டுவதற்கான சட்டங்களைக் கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் காணலாம். சுவர் எதனாலும் இருக்கலாம். கூரை விடயத்தில்தான் கண்டிப்பு. மண்ணில் வளர்ந்து, மண்ணிலிருந்து வெட்டப்பட்ட பொருளாலேயே வேயவேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்கவேண்டும். உயரம் இருபது முழத்தைத் தாண்டக்கூடாது. படுப்பதற்கென்று பின்னிய பாயைக் கூரையில் போட்டால் செல்லாது. வேய்வதற்கென்றே பின்னியது என்றால் செல்லும். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் கூடாது, கிடுகு ஆகும்! நமது ஊர்க் கிழவர் ஒருவரிடம் கேட்டிருந்தாலும் இதே தீர்ப்பைத்தான் தந்திருப்பார். வண்டிமேலும் கட்டலாம், கப்பலிலும் கட்டலாம். ரபி அகிபா என்ற பேரறிஞர் கப்பலின் முன்பக்கத்தில் ஒரு குடிசை கட்டியதாகவும், மறுநாள் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனதாகவும், கூட இருந்த ரபான் கமாலியேல் 'அகிபா, உன் குடிசை எங்கே?' என்று கேட்டதாகவும் ஒரு கதை தல்மூதில் உண்டு.

இந்த அகிபாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் குடியிருந்த அந்தக் குடிசைகள் எவை என்று ஒரு விவாதம் நடக்கிறது. அவை மகிமையின் மேகங்கள், கடவுள் தன் மக்களைச் சூழவிட்ட பாதுகாப்பு என்கிறார் ரபி எலியேசர். இல்லை, மெய்யான குடிசைகளே, அவர்களே கட்டிக்கொண்டவை என்கிறார் அகிபா. (வேறொரு தொகுப்பில் பெயர்கள் இடம்மாறியும் வருகின்றன.) என்னைப் பொறுத்தவரை முழுப் பிரச்சினையும் இந்த இரு வரிகளுக்குள் இருக்கிறது. குடிசை என்பது மேகமா, கம்பும் ஓலையுமா?

கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் மேகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அதற்கு வேதத்திலேயே வழியிருக்கிறது. கூடாரம் தைக்கும் தொழிலாளியான பவுல் நமது உடலையே ஒரு கூடாரம் என்கிறார். எபிரேயருக்கு எழுதிய நிருபம் ஆபிரகாம் கூடாரங்களில் பரதேசியாய் வாழ்ந்ததைச் சொல்லி, நிலையான நகரம் நமக்கு இங்கில்லை என்கிறது. யோவான் சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தில் வார்த்தை மனிதனாகி நம்மிடையே தங்கியது என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'கூடாரமடித்தல்' என்ற பொருள்தரும் வினைச்சொல். தமிழ் வேதாகமத்தில் அது 'வாசம்' ஆகிவிட்டது. கூடாரம் காணாமற் போய்விட்டது. கடவுள் வந்து பக்கத்தில் ஒரு கூடாரம் அடித்தார் என்று வாசித்திருந்தால் நமது சனத்துக்கு இன்னும் நன்றாக விளங்கியிருக்கும்.

உருவகம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. யார் யாருக்குச் சொல்கிறார் என்பதுதான் கேள்வி. எபிரேய நிருபத்தை வாசித்தவர்கள் தங்கள் உடைமைகளைப் பறிகொடுத்தவர்கள் என்று அந்த நிருபமே சொல்கிறது. எழுதியவரும் 'நமக்கு' என்று தன்னையும் அவர்களோடு சேர்த்தே எழுதினார். கூடாரத்துக்குள் இருப்பவன் தன் வாயால் 'இது என் நிரந்தர வீடல்ல' என்று சொன்னால் அது விசுவாசம். வீட்டுக்காரன் வாசலில் நின்றுகொண்டு கூடாரக்காரனுக்கு அதையே சொன்னால் அதற்கு வேறு பெயர்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சபையில் இப்படியொரு பிரசங்கம் கேட்டேன். இந்த உலகமே கூடாரம், வீட்டைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் கவலைப்படாதே, பரலோகத்தில் வீடு இருக்கிறது என்பது சாரம். பேசியவர் நல்லவர், நன்றாகவும் பேசினார். எனக்கு அருகில் இருந்த வயதான அம்மா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: 'உதுக்குள்ள ஒரு வருசம் கிடந்தனாங்கள்தானே தம்பி. அதில என்ன கொண்டாட்டம்?'

அந்த அம்மாவின் கேள்வியிலிருந்து எந்தப் பிரசங்கமும் தப்பிப்போக முடியாது என்று நினைக்கிறேன். 2009இல் வன்னியிலிருந்து வந்த இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டபோது நானும் செட்டிகுளத்துப் பக்கம் ஒரு கூடாரத்தில் இருந்தேன். ஆகஸ்ட் நடுப்பகுதியில் மழை வந்தது. கூடாரத்துக்குள் முழங்கால்வரை தண்ணீர். மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்து அந்தத் தண்ணீரும் இந்தத் தண்ணீரும் ஒன்றாகின. சமைக்க முடியவில்லை. வெளியே போகலாம் என்றால் 'வெளியே' என்று ஒன்று இருக்கவில்லை. முட்கம்பிதான் இருந்தது.

அதற்குப் பல வருடங்களின் பின், அரைகுறையாய் விட்ட பல்கலைக்கழகப் படிப்பின் பழக்கத்தில் எதையாவது வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு விடுமுறை நாளில், மிஷ்னாவின் அந்தப் பகுதி கையில் அகப்பட்டது. ஏழு நாட்களும் ஒருவன் தன் குடிசையை நிரந்தரமாகவும் வீட்டைத் தற்காலிகமாகவும் கொள்ளவேண்டும். மழை பெய்தால்? எப்போது குடிசையைவிட்டு எழும்பலாம்? கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்கு மழை விழத் தொடங்கினால் எழும்பலாம். பண்டிகை மழையில் கரைவதற்கு அங்கே ஒரு உவமையும் சொல்லப்படுகிறது. எசமானுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்க வருகிறான் ஒரு வேலைக்காரன். எசமான் குடத்தை அவன் முகத்திலேயே ஊற்றிவிடுகிறான். (றெஸ்ரோறனில் வேலை செய்பவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.)

தல்மூது இன்னும் ஒருபடி மேலே போகிறது. குடிசையில் இருப்பதால் துன்பப்படுபவன் குடிசைக் கட்டளையிலிருந்து விடுபட்டவன். நோயாளி விடுபட்டவன். நோயாளியைப் பார்ப்பவனும் விடுபட்டவன். 16ஆம் நூற்றாண்டில் கிறாக்கோ நகரில் வாழ்ந்த மோசே இஸ்ஸர்லெஸ் என்ற சட்ட அறிஞர், மழையில் பிடிவாதமாய்க் குடிசைக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தப் பலனும் கிடையாது, அவன் அறிவிலி என்ற பழைய தீர்ப்பை எடுத்தெழுதுகிறார்.

கிறிஸ்தவனுக்கு இது விசித்திரமாக இருக்கும். சிலுவையைச் சுமப்பதற்குப் புண்ணியம் உண்டு என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். இங்கே நனைந்தால் புண்ணியமில்லை, எழும்பி வீட்டுக்குப் போ என்கிறார்கள். எழும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது, போவதற்கு ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதை அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அது பண்டிகை. கதவு அடைபட்ட கூடாரத்துக்கு அந்தச் சட்டத்தில் பெயர்கூட இல்லை. இன்னொன்றும் கவனித்தேன்: நிவாரண நிறுவனங்கள் தரும் பிளாஸ்ரிக் விரிப்பு மண்ணில் வளர்ந்ததல்ல. சட்டப்படி அது கூரையாகாது. நாங்கள் இருந்தது எந்த வகையிலும் சுக்கா அல்ல. இதை அறிந்தபோது எனக்கு ஏதோ ஒரு நிம்மதி ஏற்பட்டது. எங்கள் கூடாரத்தைப் பார்த்து 'இதிலும் ஆவிக்குரிய அர்த்தம் உண்டு' என்று சொல்ல முடியாதபடி மூவாயிரம் வருடத்துச் சனமொன்று வேலி போட்டு வைத்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இந்தப் பண்டிகை வீட்டுக்காரருக்குரியது என்றால், வீடும் நாடும் இல்லாமல் அலைந்த யூதர்கள் ஆயிரத்தெண்ணூறு வருடங்களுக்கு மேலாக இதை எப்படிக் கொண்டாடினார்கள்? வாடகை முற்றத்தில், அடுத்த அரசன் எப்போது துரத்துவான் என்று தெரியாத தெருவில், ஏன் குடிசை கட்டினார்கள்? இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. பாவநிவாரண நாள் முடிந்து நான்கு நாட்களில் இந்தப் பண்டிகை வருகிறது. தீர்ப்பு நாளில் ஒருவேளை நமக்கு நாடுகடத்தல் விதிக்கப்பட்டிருந்தால், வீட்டிலிருந்து குடிசைக்குப் போகும் இந்த இடப்பெயர்வையே அதற்குரியதாகக் கடவுள் ஏற்றுக்கொள்ளட்டும் என்று அந்த உரை சொல்கிறது. பாபிலோனுக்குப் போகவேண்டிய தூரத்தை முற்றத்துக்கு நடந்து கழித்துவிடும் ஆசை! அகதியாக இருந்த எவனுக்கும் இந்த ஆசை தெரியும். அவர்கள் அலைச்சலைப் புகழவில்லை. இனி வேண்டாம், இந்த அளவோடு போதும் என்று மன்றாடினார்கள். மறுப்பு என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை என்றே எண்ணுகிறேன்.

இனி, எடுத்துக்கொள்வது பற்றிய கேள்வி. ஒருவரது பண்டிகையை இன்னொருவர் எடுத்துக் கொண்டாடலாமா?

திருடிய பொருளால் செய்த நற்செயல் நற்செயலாகுமா என்ற விவாதம் தல்மூதில் வருவது, தற்செயலாகவோ என்னவோ, இந்தப் பண்டிகையைப் பற்றிய நூலில்தான். அங்கே ஒரு கிழவி வருகிறாள். பாபிலோனில் யூதர்களின் தலைவராக இருந்தவருக்கு 'புலம்பெயர்ந்தோர் தலைவர்' என்பதே பட்டம். கிழவி ரபி நஹ்மானிடம் வந்து கத்துகிறாள்: புலம்பெயர்ந்தோர் தலைவரும் அவர் வீட்டு அறிஞர்களும் திருட்டுக் குடிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்! மரம் அவளுடையது. அவர் கவனிக்கவில்லை. முந்நூற்றுப் பதினெட்டு வேலைக்காரர்களை வைத்திருந்த தகப்பனின் மகள் கத்துகிறேன், கேட்கமாட்டீர்களா என்கிறாள் (ஆபிரகாமைச் சொல்கிறாள்). இவள் கூச்சல்காரி, மரத்தின் விலையை மட்டும் கொடுத்தால் போதும் என்று தீர்ப்பாகிறது. கூரை பிரிக்கப்படவில்லை. சட்டம் தலைவரின் பக்கம் நின்றது. ஆயினும் எழுதியவர்கள் கிழவியின் கூச்சலை அழித்துவிடவில்லை. தலைவர்களின் குடிசைகளுக்கு மரம் எங்கிருந்து வந்தது என்று நாமும் கேட்டுப் பழகியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அதை வேறொரு சந்தர்ப்பத்தில் பேசலாம்.

கிறிஸ்தவர்கள் இந்தக் குடிசைக்குள் எட்டிப்பார்ப்பது இன்று தொடங்கியதல்ல. 386இல் அந்தியோக்கியாவில் கிறிஸ்தவர்கள் யூதர்களின் இலையுதிர்காலப் பண்டிகைகளுக்குப் போய்வந்தார்கள். அவர்களைத் தடுக்க யோவான் கிறிசொஸ்தோம் தொடர்ந்து பிரசங்கித்தார். தொழுகைக்கூடத்தை விபசார விடுதியோடு ஒப்பிட்டார். 'பொன்வாய்' என்று சபை அவரைப் போற்றியது. அந்தப் பிரசங்கங்கள் பிற்கால யூத வெறுப்பாளர்களுக்கு நல்ல ஆயுதமாகின. சாதாரண சனம் அயலவரின் கொண்டாட்டத்துக்கு விருந்தாளியாகப் போனது. மேலிடம் அதை வெறுப்பாக மாற்றியது. இது நமக்கும் தெரியாத வரலாறல்ல.

இன்று நிலைமை தலைகீழ். சகரியாவின் கடைசி அதிகாரம் எல்லா இனத்தாரும் கூடாரப் பண்டிகைக்கு எருசலேமுக்கு வருவார்கள் என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, எருசலேமில் 1980இல் அமைக்கப்பட்ட கிறிஸ்தவத் தூதரகம் என்ற அமைப்பு வருடாவருடம் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைத் திரட்டி விழா நடத்திவந்திருக்கிறது. வெறுப்பைவிட அன்பு மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் போக்கில் பலர் யூதனை நேசிப்பது, கடைசிக் காலத்தின் கடிகாரத்தில் அவன் ஒரு முள் என்பதால். முள்ளுக்குப் பசிக்குமா, பயப்படுமா என்று யாரும் கேட்பதில்லை. முள்ளின் கீழ் அகப்பட்டவனைப் பற்றிக் கேட்பதே இல்லை.

2023இல் இப்பண்டிகையின் ஏழு நாட்களும் முடிந்த மறுநாள், ஒக்ரோபர் 7, ஹமாஸின் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். பல முற்றங்களில் குடிசைகள் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்திருக்கும். அதன்பின் நடந்த போரில் காசாவின் மக்களில் பத்தில் ஒன்பது பங்கினர், ஏறக்குறைய 19 இலட்சம் பேர், இடம்பெயர்ந்ததாக ஐ.நா. கணக்குச் சொன்னது. மணலில் பிளாஸ்ரிக் கூடாரங்கள். மழையில் அவை மிதந்த படங்களை வேலையிடத்தில் கைத்தொலைபேசியில் பார்த்தேன். இந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்க மறுக்கிற எந்தக் கிறிஸ்தவனும் கூடாரப் பண்டிகையின் அர்த்தம் பற்றி எனக்குப் பிரசங்கிக்க வேண்டாம்.

அப்படியானால் கிறிஸ்தவனுக்கு இதில் எதுவுமே இல்லையா? இருக்கிறது, அவன் தேடுகிற இடத்தில் இல்லை. ஆலயம் இருந்த காலத்தில் இந்த ஏழு நாட்களிலும் பலியிடப்பட்ட காளைகளின் தொகை எண்ணாகமத்தின் கணக்குப்படி முதல்நாள் 13, பிறகு நாளுக்கு ஒன்றாகக் குறைந்து ஏழாம் நாள் 7. மொத்தம் எழுபது. உலகின் எழுபது இனத்தாருக்காக இந்த எழுபது என்கிறது தல்மூது. ரபி யோகனான் சொல்கிறார்: ஐயோ, அந்த இனத்தார் இழந்தார்கள், எதை இழந்தோம் என்றும் அறியவில்லை, ஆலயம் நின்றவரை பலிபீடம் அவர்களுக்காகப் பரிகாரம் செய்தது, இப்போது யார் செய்வார்? கி.பி. 70இல் ரோமர் எரித்தது ரோமருக்காகவும் மன்றாடிய இடத்தை.

ஆக, நம்மைக் கேளாமலே நமக்கு அங்கே ஒரு கோப்பை வைக்கப்பட்டிருந்தது. விருந்தாளியாக ஏற்கெனவே எண்ணப்பட்டவன் எதற்காகக் குடிசையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்? அழைத்தால் போய் உட்காரலாம். அழைக்காவிட்டால், நமக்கு வீடு இருந்தால், அந்த வீட்டின் கதவைத் திறந்து வைக்கலாம். உபாகமம் இந்தப் பண்டிகையின் மேசையில் யார்யார் இருக்கவேண்டும் என்று எண்ணிச் சொல்கிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், அந்நியன், தகப்பனற்ற பிள்ளை, விதவை. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் எழுதினார்: முற்றத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு, ஏழைக்குக் கொடாமல் மனைவி பிள்ளைகளோடு தின்று குடிப்பவனின் மகிழ்ச்சி கட்டளையின் மகிழ்ச்சியல்ல, அது வயிற்றின் மகிழ்ச்சி. பத்து வருடமாய் மற்றவர்களின் கொண்டாட்டங்களுக்குச் சமைத்தவன் என்ற முறையில் இந்த இரு மகிழ்ச்சிகளுக்குமுள்ள வித்தியாசத்தை எச்சில் கோப்பைகளைப் பார்த்தே சொல்வேன்.

இயேசு இந்தப் பண்டிகைக்குப் போனதை யோவான் ஏழாம் அதிகாரத்தில் விவரமாக எழுதுகிறார். முதலில் போகமாட்டேன் என்கிறார். சகோதரர்கள் போனபின் இரகசியமாகப் போகிறார். தேடப்படுகிற ஒருவர் திருவிழாக் கூட்டத்துக்குள் கலந்துகொள்வதுபோல. அந்த நாட்களில் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். இரவுகளில் ஆலய முற்றத்தில் பெரும் விளக்குகள் எரியும். அந்த வெளிச்சம் படாத முற்றம் எருசலேமில் இல்லை என்கிறது மிஷ்னா. அந்தத் தண்ணீரையும் வெளிச்சத்தையும் பார்த்துத்தான் இயேசு தாகத்தைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் பேசினார். பிரசங்கிகள் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது இந்த இரு பேச்சுகளுக்கும் இடையில் வரும் இரு வரிகள். பண்டிகை முடிகிறது. விவாதித்தவர்கள், காவலர், பரிசேயர் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். இயேசு ஒலிவ மலைக்குப் போகிறார். இவ்வரிகள் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, பிறகு சேர்க்கப்பட்டவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். சேர்த்தவர் யாரோ, இரவு வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போவதை எங்கேயோ நின்று பார்த்த ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.